மேல் வயலின் நான்கு மணி நேரம்

ஆல்புகர்க்கி,
பிப்ரவரி 4, 1996

அன்பான அக்கா ஹெனோவேவாவுக்கு,

கடவுள் கருணையால் இங்கே நானும் ரமோனாவும் நலம். குளிரில் அவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் அதிகம். உன் நலத்தையும் உன் ஆடுகளின் நலத்தையும் அறிய ஆவல்.

முதலில் வாழ்த்து. ஓஹித்தோ வாய்க்காலுக்கு ஒரு பெண் மணியமாக வந்தது இதுவே முதல் தடவை. யாருக்கு எந்த நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று பங்கிடும் அதிகாரம் இனி உன் கையில். அப்பா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார், வெளியே காட்டியிருக்க மாட்டார்.

எங்கள் அருங்காட்சியகத்தில் 'நம் நீர், நம் வேர்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்திருக்கிறோம். நம் முன்னோர் மலைத் தண்ணீரை எப்படித் திருப்பினார்கள், எப்படிப் பங்கிட்டார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு புத்தகம். அதை எழுதும் பொறுப்பு எனக்கு. இந்த அறிவெல்லாம் நம்மோடு போய்விடக் கூடாது அல்லவா?

ஒரு சின்ன உதவி. பழைய மணியக்காரர் உன்னிடம் ஒப்படைத்த தண்ணீர் முறைப் புத்தகங்களில் என் மேல் வயலுக்கான பக்கங்களை மட்டும் நகல் எடுத்து அனுப்புவாயா? கடைசிப் பத்துப் பதினோரு வருஷம் போதும். பிள்ளைகளுக்கு அசல் பக்கங்களைக் காட்டினால் நன்றாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி எலிசேயோ


ஓஹித்தோ,
பிப்ரவரி 20, 1996

அன்புள்ள தம்பி எலிசேயோவுக்கு,

நலம். ஆடுகளும் நலம், ஒன்று மட்டும் ரெண்டு குட்டி போட்டுவிட்டு ஒன்றை ஏற்க மாட்டேன் என்கிறது. ரமோனாவின் முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. நீயே கொடு.

கேட்ட பக்கங்களைக் கோவில் அலுவலகத்தில் நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தண்ணீர் வாங்கியவர் அந்த அந்த முறைக்கு நேரே கையெழுத்துப் போடும் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. பதினோரு வருஷமும் 'எலிசேயோவுக்காக, ஹெனோவேவா' என்றுதான் இருக்கும். வாரத்துக்கு நான்கு மணி நேரம். உன் வயலில் தீவனத்துக்குக் குதிரைமசால் விதைத்து, தண்ணீர் பாய்ச்சி, அறுத்து, உன் பெயருக்குத் தூர்வாரும் ஆளையும் நானே அனுப்பினேன். நாலு வருஷம் சேர்ந்தாற்போலப் பாய்ச்சாவிட்டால் உரிமை போய்விடும் என்று சட்டம். அப்பா உனக்கென்று விட்டுப்போனது என் சோம்பலால் போக வேண்டாம்.

மணியம் ஆனதற்கு வாழ்த்தினாயே. தேர்தல் அன்று கிளியோஃபஸ் எழுந்து, "பாவாடை நனைஞ்சா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டான். "பிழிஞ்சு உன் வயலுக்கு விடறேன், அதுவும் உன் முறை வரும்போது"ன்னு சொன்னேன். சிரித்துவிட்டு எனக்கே ஓட்டுப் போட்டான்.

மலையில் பனி இல்லை. இந்தக் கோடையில் மண்வெட்டியாலேயே மண்டையைப் பிளந்துகொள்வார்கள். மார்ச் 23 சனிக்கிழமை தூர்வாருகிறோம். புத்தகம் எழுதுபவன் ஒருநாளாவது வந்து குனிந்து பார்.

ரமோனாவுக்கு என் அன்பு.
அக்கா ஹெனோவேவா


ஆல்புகர்க்கி,
மார்ச் 12, 1996

அன்பான அக்காவுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. பக்கங்கள் கிடைத்தன. மிகவும் பயன்பட்டன.

23ஆம் தேதி வர முடியாது, திட்டக்குழுக் கூட்டம். படம் எடுக்க இரண்டு பேரை அனுப்புகிறேன், அவர்களுக்கு உதவு. இந்த வருஷம் மேல் வயலுக்காக ஆள் போட வேண்டாம். விதைக்கவும் வேண்டாம். உனக்கு வயதாகிறது, ஏன் வீண் சிரமம்?

அந்தக் குட்டி பிழைத்ததா?
தம்பி எலிசேயோ


ஓஹித்தோ,
ஏப்ரல் 1, 1996

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முதுகு மட்டும் பலகை மாதிரி இருக்கிறது. குட்டி பிழைத்துவிட்டது, புட்டிப்பாலில்.

தூர்வாரி முடித்தோம். கோலால் அளந்து ஒவ்வொரு ஆளுக்கும் அவரவர் துண்டைக் கோடு கிழித்துக் கொடுத்தேன். உன் துண்டுக்கு முன்னால் வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வேண்டாம்னு எழுதியிருக்கான்"ன்னு சொல்ல வாய் வரவில்லை. கோலைக் கொடுத்துவிட்டு நானே இறங்கினேன். நீ அனுப்பிய படக்காரர்கள் அதைத்தான் ரொம்ப நேரம் எடுத்தார்கள். "இன்னொரு தடவ மண்ணைத் தூக்கிப் போடுங்கம்மா, வெளிச்சம் நல்லாயிருக்கு"ன்னான் ஒருத்தன். அவனிடமே மண்வெட்டியை நீட்டினேன், பின்வாங்கிவிட்டான்.

கடைமடை அபுந்தியோ மாமா உன்னை விசாரித்தார். "உன் தம்பி வயலுக்கும் சேர்த்துத் தண்ணி ஓடுறதாலதான் என் வரைக்கும் தள்ளிக்கிட்டு வருது"ன்னு ஒவ்வொரு வருஷமும் சொல்வதை இந்த வருஷமும் சொன்னார். அவரைக்காய் போட நிலத்தைத் தயார் செய்துவிட்டார்.

விதைக்க வேண்டாம் என்று ஏன் எழுதினாய்? புரியவில்லை. நான் விதைக்கத்தான் போகிறேன்.

புனித வாரம். உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிறேன்.
அக்கா ஹெனோவேவா


ஓஹித்தோ,
ஏப்ரல் 17, 1996

எலிசேயோ,

நலம் விசாரிப்பது வழக்கம். விசாரித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

நேற்று மிளகாய் நாற்றைச் சுற்ற பழைய செய்தித்தாளைப் பிரித்தேன். பொது அறிவிப்புப் பக்கம். 'ஓஹித்தோ வாய்க்காலில் எலிசேயோ ஆர்ச்சுலேத்தாவுக்குள்ள நீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து, கீழே கட்டப்படும் வீட்டுக் காலனிக்கும் அதன் கோல்ஃப் மைதானத்துக்கும் மாற்ற விண்ணப்பம்.' மூன்று வாரம் போட்டிருக்கிறார்கள். ஆட்சேபணை சொல்லக் கடைசி நாள் ஏப்ரல் 14. நான் படித்தது 16.

எப்படிப்பட்ட மூன்று வாரம் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாய்! ஊர் முழுக்க வாய்க்காலுக்குள் கிடக்கும், அது முடிந்தால் கோவிலில் கிடக்கும். அப்போது இங்கே யாரும் செய்தித்தாள் தொடமாட்டார்கள் என்று வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? இந்த ஊரில் பிறந்தவனுக்குத்தான் தெரியும்.

மாவட்ட அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்தைப் பார்த்தேன். 'கடந்த பதினோரு வருடங்களாக இடைவிடாமல் நான் பாசனம் செய்து வருகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். எந்தக் கையால் செய்தாய்? கழுத்து வெந்து, கால்விரல் அழுகி, அதிகாலை முறைக்கு எழுந்து மடை திறந்தது நீயா? ஆதாரமாகப் பின்னால் வைத்திருப்பது நான் அனுப்பிய நகல்கள். பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று சொன்னாயே, அந்தப் பக்கங்கள். கோவில் அலுவலகத்தில் நின்று, பெருமையாக, ஒவ்வொன்றாக, நானே உனக்கு எடுத்துக் கொடுத்தேன்.

உன் உரிமை செத்துப்போகாமல் உயிர் கொடுத்து வைத்திருந்தது நான். நான் சும்மா இருந்திருந்தால் உன்னிடம் விற்க ஒன்றும் இருந்திருக்காது. படிப்பது ஜெபம், இடிப்பது கோவில். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் புத்தகம் எழுதுகிறாய்?

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு. வேறொன்றும் கேட்கவில்லை.

ரமோனாவுக்கு இது தெரியுமா?
ஹெனோவேவா


ஓஹித்தோ,
மே 18, 1996

எலிசேயோ,

நலம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை என்பதால் நீயும் நலம் என்றே நினைக்கிறேன். படுத்திருந்தால் எழுதியிருப்பாய்.

மூன்று நாள் முன்பு நம் உழவர் புனிதர் இசிதோரோவின் திருநாள். சொரூபத்தை வாய்க்கால் கரையோடு தூக்கிக்கொண்டு போனோம். உன் வயல் எல்லையில் வழக்கம்போல் இறக்கி வைத்தார்கள். யாரும் பாடவில்லை. பிறகு கிளியோஃபஸ்தான் ஆரம்பித்தான், சுருதியே இல்லாமல்.

ஜூன் 6ஆம் தேதி நீர் இலாகா அதிகாரி வருகிறாராம். மேல் வயல் உண்மையிலேயே பாசனம் பெற்றதா என்று மணியத்திடம் கேட்டு எழுதிக்கொள்வாராம். பெற்றது என்றால் விற்பனை செல்லும். இல்லை என்றால் உரிமையே ரத்து, உன் விண்ணப்பம் குப்பையில்.

ஊரே என் வீட்டுக்கு வந்துவிட்டது. அபுந்தியோ மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். "தாயி, ஒரே ஒரு பொய் சொல்லு. வயல் காஞ்சு கிடந்துச்சு, கையெழுத்து சும்மா பேருக்குப் போட்டேன்னு சொல்லிடு. பொய் சொன்னா பாவமன்னிப்பு உண்டு. போன தண்ணிக்கு ஏது மன்னிப்பு?" என்றார். நான் எழுந்து காப்பியைச் சூடாக்கப் போனேன், அது சூடாகத்தான் இருந்தது.

என்னை எந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய் என்று தெரிகிறதா? இன்னும் நேரம் இருக்கிறது. திரும்ப வாங்கு.

ஹெனோவேவா


ஆல்புகர்க்கி,
மே 28, 1996

அன்பான அக்காவுக்கு,

இங்கே நலம். ரமோனாவுக்கு முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள். உன் இரத்த அழுத்தம் எப்படி? கோபம் அதற்கு நல்லதில்லை.

நீ நினைப்பது போல் இல்லை. உன் பாரத்தைக் குறைக்கலாம் என்றுதான் யோசித்தேன். ஒவ்வொரு வருஷமும் என் பெயருக்கு நீ ஆள் அனுப்புவது எனக்கு எப்படி இருக்கும் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அப்பா வயலை எனக்கு எழுதினார், மண்வெட்டி உன் கையில்தான் நின்றது. மடை திறக்கப்போன ஒரே தடவை உன் தோட்டத்தையே மூழ்கடித்தேன், ஊர் பத்து வருஷம் சிரித்தது. போகட்டும்.

அதிகாரி ஒரு கேள்விதான் கேட்பார் என்று வக்கீல் சொல்கிறார். உண்மையைச் சொன்னால் போதும். நீ பொய் சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
எலிசேயோ


ஓஹித்தோ,
ஜூன் 8, 1996

எலிசேயோ,

நலம். இரத்த அழுத்தத்தைப் பற்றி நீ கேட்காதே.

அதிகாரி வந்தார். மதகுப் பக்கம் ஊர் முழுக்க நின்றது. அவர் நகலை நீட்டி, "இது உங்க கையெழுத்தாம்மா?"ன்னு கேட்டார்.

அபுந்தியோ மாமா என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. இந்தப் பஞ்சத்தில் ஒருத்தனுக்கு மூன்று மணி நேரம், அடுத்தவனுக்கு இரண்டரை என்று நான் சொன்னால் ஏன் ஒத்துக்கொள்கிறார்கள்? என்னிடம் துப்பாக்கி இருக்கிறதா, போலீஸ் இருக்கிறதா? மணியம் தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாள் என்பதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு நல்லதுக்காக ஒரு பொய் சொல்லியிருந்தால், மறுநாள் காலையில் கிளியோஃபஸ் என்னிடம், "என் முறையிலயும் அப்படித்தான் எழுதினியா?"ன்னு கேட்பான். கேட்கவும் வேண்டும்.

"என் கையெழுத்துதான்"னு சொன்னேன். "பதினோரு வருஷமும் பாய்ஞ்சது. பாய்ச்சினது நான்."

"உங்க தம்பிக்காகத்தானே?"

"ஆமா. அவனுக்காகத்தான்."

எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒருவரும் என்னோடு பேசாமல் கலைந்தார்கள். அபுந்தியோ மாமா மட்டும் நின்று, "நீ சரியாத்தான் சொன்னே, தாயி. என்னால உன்கூடப் பேச முடியாது"ன்னு சொல்லிட்டுப் போனார்.

நான் பொய் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும் என்று எழுதினாய். என் நேர்மையையும் கணக்கில் சேர்த்துத்தான் விற்றிருக்கிறாய். திருடனுக்காவது பூட்டை உடைக்கும் சிரமம் உண்டு. உனக்கு நானே சாவியாக இருந்திருக்கிறேன்.

ரமோனாவுக்கு ஊசி வேலை செய்யட்டும்.
ஹெனோவேவா


ஆல்புகர்க்கி,
ஜூலை 30, 1996

அன்பான அக்காவுக்கு,

நலம். ரமோனா இப்போது கோலில்லாமல் நடக்கிறாள். அங்கே மழை பெய்ததா?

மற்ற விஷயம் முடிந்துவிட்டதைக் கேள்விப்பட்டிருப்பாய். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

புத்தகம் வந்துவிட்டது. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அட்டையில் நான், உள்ளே நீ தூர்வாரும் படம். ஆகஸ்ட் 24ஆம் தேதி இருபத்து மூன்று பிள்ளைகளை மேல் வயலுக்கு அழைத்து வந்து, அவர்கள் கையாலேயே தண்ணீர் பாய்ச்ச வைப்பதாகத் திட்டம். ஜனவரியிலேயே முடிவானது, மாற்ற முடியாது. அந்த ஒருநாள் மட்டும், இரண்டு மணி நேரம், எங்கிருந்தாவது மேல் வயலுக்குத் தண்ணீர் விட முடியுமா? எனக்காக இல்லை, பிள்ளைகளுக்காக.

எலிசேயோ


ஓஹித்தோ,
ஆகஸ்ட் 6, 1996

எலிசேயோ,

நலம். மழை இல்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. மேல் வயலின் நான்கு மணி நேரத்தை ஜூலை 15ஆம் தேதி என் கையாலேயே முறைப் புத்தகத்தில் அடித்தேன். அந்த அளவுக்கு மதகில் இப்போது குறைத்துத் திறக்கிறோம். வாய்க்காலில் உந்தல் போய்விட்டது, கிளியோஃபஸின் வேலியைத் தாண்டுவதற்குள் மண்ணே குடித்துவிடுகிறது. அபுந்தியோ மாமாவின் அவரைக்கொடி பூவோடு காய்ந்தது. அவர் கொடியைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டார், என் ஆட்டுக்கு. இந்த லட்சணத்தில் வேடிக்கை காட்ட உனக்குத் தண்ணீர் வேண்டும்.

தருகிறேன். என் முறையிலிருந்து தருகிறேன். ஆனால் முறைப்படி கேள். உன் புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் நீயே அழகாக எழுதியிருக்கிறாய்: உரிமை இல்லாதவன் தண்ணீர் கேட்டுக் கடிதம் எழுதக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது. தானே மதகுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, எல்லோர் காதிலும் விழும்படி, தன்னிடம் ஏன் தண்ணீர் இல்லை என்ற காரணத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். காரணம் சொன்னவனுக்கு ஓஹித்தோ வாய்க்கால் இல்லை என்று சொன்னதே கிடையாது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. அவர்கள் முன்னால் நின்று கேள். அதைவிடப் பெரிய பாடம் உன்னால் நடத்த முடியாது.

ரமோனா நடப்பது சந்தோஷம். அவளையும் அழைத்து வா.
ஹெனோவேவா


ஆல்புகர்க்கி,
ஆகஸ்ட் 19, 1996

அக்கா,

நலம். 24ஆம் தேதி சாந்தா ஃபேயில் கூட்டம் வந்துவிட்டது. டீச்சர் பிள்ளைகளை அழைத்து வருவார். பிள்ளைகளை ஏமாற்றமாட்டாய் என்று நம்புகிறேன்.

எலிசேயோ


ஓஹித்தோ,
ஆகஸ்ட் 26, 1996

எலிசேயோ,

நலம். சனிக்கிழமை பஸ் வந்தது. நீ வரவில்லை.

இருபத்து மூன்று பிள்ளைகளும் மேல் வயலில் இறங்கி நின்றார்கள், ஒவ்வொருவர் கையிலும் உன் புத்தகம். நான் விதைத்தது கருகிப்போய், மண் வெடித்துக் கிடந்தது. ஒரு பையன் காலை வெடிப்பில் விட்டு அளந்து பார்த்தான். டீச்சர் பாவம், "சார் வர்றதாத்தான் இருந்துச்சு"ன்னு நாலு தடவை சொன்னார். அடுத்த முறைக்காரர்களும் வந்திருந்தார்கள். அபுந்தியோ மாமாவும் வந்து, என்னிடம் பேசாமல், என் பக்கத்தில் நின்றார்.

நான் மதகில் காத்திருந்தேன். டீச்சர் என்னிடம் வந்து, "தொறக்கலாமாம்மா?"ன்னு கேட்டார். "கேக்க வேண்டியவங்க கேக்கணும்"ன்னு சொன்னேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தெல்ஃபீனா என்று ஒருத்தி, பன்னிரண்டு வயதிருக்கும், பல்லில் கம்பி கட்டியவள், பரபரவென்று பக்கத்தைப் புரட்டினாள். முப்பத்தொன்றைக் கண்டுபிடித்தாள். முன்னால் வந்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, சத்தமாக, "மணியம் அவர்களே, எங்க வயலுக்குத் தண்ணி வேணும்"ன்னாள்.

என் கை மதகுப் பலகைக்குப் போனது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முறை முறைதான். "உங்க வயலுக்கு ஏன் தண்ணி இல்ல?"ன்னு கேட்டேன்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். "இதுல போடலையே"ன்னாள்.

நான் சொன்னேன், எலிசேயோ. அதிகாரியிடம் எப்படி ஒளிக்காமல் சொன்னேனோ அப்படியே இவர்களிடமும் சொன்னேன். "இந்த வயலோட தண்ணிய இதுக்குச் சொந்தக்காரர் வித்துட்டார். அது இப்ப கீழே ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் போகுது. வித்தவர் பேரு எலிசேயோ ஆர்ச்சுலேத்தா. உங்க புத்தகத்து அட்டையில இருக்கிறவர். என் தம்பி." அபுந்தியோ மாமாவைக் காட்டி, "இவரோட அவரைக்கொடி காஞ்சது அதனாலதான்"னும் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்து பிள்ளைகளுக்கு மரியாதை செய்தார், என்ன செய்வதென்று தெரியாமல்.

பிறகு மதகைத் திறந்தேன். என் இரண்டு மணி நேரத்தைக் கொடுத்தேன். என் மிளகாய் இந்த வாரம் தலை தொங்கிக் கிடக்கிறது, பரவாயில்லை. மடையை எங்கே வெட்டுவது, எங்கே புல்கட்டியால் அடைப்பது என்று கற்றுக்கொண்டார்கள். முழங்கால் வரை சேறு. ஒரு குழு கரையை உடைத்துவிட்டது, மறுபடி அவர்களே கட்டினார்கள். நீ ஒருதடவை உடைத்ததற்கு ஊர் சிரித்தது என்று எழுதினாயே. இவர்களைப் பார்த்தும் சிரித்தோம். அவர்களும் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

கிளம்பும்போது தெல்ஃபீனா மறுபடி என்னிடம் வந்தாள். "வித்த தண்ணிய அவர் திருப்பி வாங்க முடியாதா?"

"முடியாது."

"வித்தா இப்படி ஆகும்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியும் கண்ணு. புத்தகமே அவர்தானே எழுதினாரு."

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். பஸ் ஏறுவதற்கு முன்பு, சேற்றுக் கையோடு, இருபத்து மூன்று பேரும் புத்தகத்தில் இல்லாத அந்தக் காரணத்தை எழுதிக்கொண்டார்கள்.

ரமோனாவுக்கு என் அன்பு.
ஹெனோவேவா